அடைக்கக் கூடாத குழாய்

“...குழாயின்ர வாயை மட்டும் ஒரு மூடி போட்டு இறுக்கி விடுங்கோ தம்பி, தொட்டியை நான் பட்டுத்துணியாலை மறைச்சுக்கொள்ளுவன்” என்று சொல்லிக்கொண்டே யோகா அக்கா எனக்கு முன்னால் ஏணியில் ஏறினார்.

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டுக்கு வெளியே அவரும் கணவர் ரவி அண்ணையும் வாங்கிய பழைய வீடு. கெல்லரில், அதுதான் நிலத்தடி அறையில், வீட்டைச் சூடாக்கும் விறகு கெஸ்ஸல். அந்தக் கொதிகலனிலிருந்து ஒரு குழாய் நேரே கூரையடிக்கு ஏறி, கைத்தடி போல வளைந்து, ஒரு திறந்த தொட்டிக்கு மேல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். தொட்டியின் அடியிலிருந்து இன்னொரு குழாய் கெஸ்ஸலுக்கே இறங்கும்.

இந்தக் கெஸ்ஸல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். இந்த இரண்டு குழாயிலும் வால்வு வைக்கக் கூடாது. சூடேறினால் தண்ணீர் பெருகும். அதற்குத் தொட்டி இடம் கொடுக்கும். மிஞ்சிக் கொதித்தால் நீராவி அந்த வாயால் வெளியேறும். காஸ் என்றால் ஒரு சுவிட்சில் நின்றுவிடும். பற்றின விறகை என்ன செய்வது?

அக்காவுக்கு அந்தக் கூரையடி சாமியறையாக வேண்டும். புதுவீட்டுக் குடிபூரலுக்கு ஐயர் நாளும் குறித்துவிட்டார். கூரை இரண்டு பக்கமும் சரிகிறது, நிமிர்ந்து நிற்க நடுவில்தான் இடம். தொட்டியும் உயரத்தில் இருக்க வேண்டியது என்பதால் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. கெஸ்ஸலை மாற்றினால் தொட்டி தேவையில்லை என்றேன். விறகு தன் கையால் பிளந்தது, அதை விடமாட்டேன் என்று ரவி அண்ணை ஒரே பிடி.

ஏன் மேலேதான் வேண்டும் என்று அக்காவைக் கேட்டேன். இவ்வளவு காலமும் வாடகை வீட்டில் சாமி அலுமாரிக்கு நேர் மேலே மேல்வீட்டாரின் கழிப்பறையாம்.

“நான் விளக்குக் கொளுத்திற நேரம் பாத்து அவன் தண்ணி இழுத்து விடுவான் தம்பி. சொந்த வீட்டிலையாவது சாமிக்கு மேலை ஒருதரும் இருக்கக் கூடாது.”

நான் தயங்கியதைக் கண்ட ரவி அண்ணை, “நீர் செய்யாட்டி விடும், என்ர மச்சான் செய்வான். அவன் கார் கராஜிலை வேலை செய்யிறவன்” என்றார்.

அந்த மச்சானை நினைத்தபோது அப்படியே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அண்ணையிடம் கொஞ்சம் விறகு மூட்டச் சொன்னேன். அறைகளின் ரேடியேட்டர்களைப் பூட்டி, தண்ணீரைச் சுற்றவிடும் பம்பையும் நிறுத்திவிட்டு, இருவரையும் மேலே கூட்டிப்போய்த் தள்ளி நிற்க வைத்தேன். கரண்ட் போனால் நடப்பது இதுதான் என்றேன். முதலில் குழாய்க்குள் தட்டுகிற சத்தம். பிறகு வளைந்த வாய் கொதிநீரைத் தொட்டிக்குள் துப்பியது. ஆவி கூரை ஓடு வரை போனது.

“வாயை அடைச்சா இது எங்கை போகும்?” என்றார் அக்கா, மெல்ல.

“கெல்லரிலை கெஸ்ஸலை வெடிக்க வைக்கும்.”

ரவி அண்ணை அதற்குப் பிறகு மச்சானின் பேச்சை எடுக்கவில்லை. கீழே இறங்கிப் பம்பைப் போட்டு, ரேடியேட்டர்களைத் திறந்தேன். அக்கா வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தார். தொட்டிக்கு நேர் கீழே அவர்களின் படுக்கையறை. அதன் மேலே யாரும் நடக்கப்போவதில்லை, வெறும் தண்ணீர்தான் என்பதை நான் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார்.

“விறகு வேணுமெண்டவர் கட்டிலைத் தூக்குவார்” என்றார். ரவி அண்ணை கட்டிலைக் கீழ்த்தட்டில் டிவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார். படுக்கையறை இருந்த இடத்தில் சாமியறை வந்தது, குடிபூரலும் குறித்த நாளில் நடந்தது.

கூடாததைக் கேட்கிறவரிடம் ஏலாது என்று சொல்வது சுலபம். அது எதற்காம் என்றும் கேளுங்கள். அவருக்கு வேண்டியது பெரும்பாலும் வேறு வழியிலும் கிடைக்கும்.

அடுத்த ஆண்டு தொட்டியைப் பார்க்கப் போனேன். கூரைக்கு ஏறும் ஏணியை இறக்கிவிட்டு, ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னார் அக்கா. பிறகு சாமியறைக்குள் போய், பிள்ளையாரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, நான் மேலேயிருந்து இறங்கும் வரை இருக்கட்டும் என்று குசினி அடுப்படிக்குக் கொண்டுபோனார்.