காலியில்லாத கட்டங்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு சந்தேகப் புத்தி உண்டு. மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் அறையில், கதவுக்குப் பின்னால் சோதனைத் தாள் தொங்கும். கயிறு, பிரேக், கதவு, எண்ணெய் என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி டிக் விழுந்திருந்தால் அவர் நம்பமாட்டார். "இவன் மேல ஏறவே இல்ல. கீழ உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே போட்டுட்டுப் போயிட்டான்" என்பார். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிடுவார் போலிருக்கிறது.

மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. மகளுக்குப் பதினைந்து வயது, மகனுக்குப் பதின்மூன்று. சமையலும் துவையலும் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டன. பிள்ளைகளைத்தான் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. தெரிந்த வழியில் இறங்கினார். ஃபிரிட்ஜ் கதவில் ஆளுக்கொரு தொழுகைத் தாள் ஒட்டினார். நாளுக்கு ஐந்து வேளை, ஐந்து கட்டம். மகன் தாளில் விடியற்காலைத் தொழுகையான சுபுஹுக் கட்டம் வாரத்தில் நாலு நாள் காலியாகக் கிடந்தது. மகள் தாளில் இரண்டு மாதமாக ஒன்றுகூட விடுபடவில்லை.

"அக்காவைப் பாருடா. அவளுக்கு மட்டும் என்ன, வானத்துலேருந்தா அலாரம் அடிக்குது?" என்று மகனின் போனைப் பிடுங்கி டூல் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். மகள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பள்ளிவாசல் மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, இந்த வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு மின்விசிறி. நடத்துபவர் பள்ளிக்கூட நர்ஸ் ஒருவர். வீட்டில் பலன் தந்த ஒரு வழியைக் கொண்டு வாருங்கள் என்று அந்த மாதம் சொல்லியிருந்தார். மெக்கானிக் மகளின் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

ஆண்கள் பக்கம் தாள் கைமாறியபோது நாலு வாயிலிருந்து "மாஷா அல்லாஹ்" வந்தது. "என் வீட்டுல ஒருத்தன் இருக்கான், பொய்யா டிக் போடக்கூட எந்திரிக்க மாட்டான்" என்றார் தையல்காரர். எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் போனதும் தாள் சத்தமில்லாமல் நகர்ந்தது. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் நர்ஸ் மெக்கானிக்கைப் படிக்கட்டருகே நிறுத்தினார்.

"அண்ணே, இது ரெண்டு மாசத் தாள். ஒரு நாள்கூட காலியில்ல."

"ஆமாம்மா. ஒரு வேளை விடல பாருங்க."

நர்ஸ் தாளை விரித்து அவரிடம் நீட்டினார்.

"என்னம்மா?"

"உங்க பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு. மாதவிடாய் நாள்ல பெண்களுக்குத் தொழுகை கிடையாதே. அந்த நாளெல்லாம் இதுல எங்கண்ணே?"

மெக்கானிக் தாளை வாங்கி முதல் கட்டத்திலிருந்து மறுபடி பார்த்தார். "அப்ப, பொய்யா போட்டிருக்காளா?"

"வேற என்ன செய்வா? காலியா விட்டா ஏன்னு கேப்பீங்க. தம்பியை வெச்சுக்கிட்டே கேப்பீங்க. படைச்சவனே வேண்டாம்னு விட்ட நாளுக்கு நீங்க கட்டம் போட்டிருக்கீங்க." குரலைத் தணித்து, ஒரு துண்டுத் தாளில் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். "இதை அவகிட்ட குடுங்க. எது வேணும்னாலும் கேக்கட்டும். ஆனா நீங்க பேச வேண்டியதை நீங்கதான் பேசணும்."

வீட்டில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த மகன் தாளையும் உரித்தெடுத்தார்.

"இனிமே இது வேண்டாம்மா."

பேனா நின்றது. "ஏன் வாப்பா? எங்கயாவது விட்டுட்டேனா?"

"விடல. அதான்..." வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "மாசத்துல சில நாள் காலியாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. தப்பு என்னோடது."

மகள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு நிப்பேன். தொழுகைக்கு ஒளு செய்யறேன்னு நீங்க நெனைக்கணும்னு."

அவர் எதிரில் உட்கார்ந்தார். "உனக்கு வேண்டியதெல்லாம் யாரு வாங்கித் தர்றது?"

"ஸ்கூல்ல கேட்டு வாங்கிப்பேன். இல்லேன்னா பழைய துணி." நோட்டின் ஓரத்தை மடித்தபடி, "மத்த நாள்ல நெஜமாவே தொழுதேன் வாப்பா. சுபுஹு மட்டும் சில நாள்..."

"அதை நான் கேக்கல." நர்ஸின் நம்பரை அவள் நோட்டின்மேல் வைத்தார்.

பிறகு மகளின் தாளைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் அரிசி, சோப்பு, பல்பு என்று எழுதிவிட்டுப் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். அவள் சோப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள். அவர் எட்டிப் பார்க்கவில்லை. கடையில் படித்துக்கொள்ளலாம்.

உள்ளே வந்த மகன் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தான். "தாளை எடுத்தாச்சா? அப்ப என் போனு?"

"உன் தாள்தான்டா ஒழுங்கா மேல ஏறிப் பாத்துப் போட்ட தாள்" என்று சொல்லிவிட்டு, டூல் பெட்டிச் சாவியைத் தேடினார். மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. போன் வந்தால் போதும் என்று கையை நீட்டினான்.