லோஞ்சில் பிறந்த பாற்சங்கம்

இன்று குறிகாட்டுவான் துறையில் லோஞ்ச் படகில் ஏறி, நெடுந்தீவில் இறங்குவதற்குள் எங்கள் தீவின் பொருளாதாரத்தையே தூக்கி நிறுத்திவிட்டோம்.

தொடக்கி வைத்தவர் பக்கத்தில் இருந்த பாக்கியம் அக்கா. "நான் ஒருத்தி கறந்து, பட்டினத்துக்குக் கொண்டுபோய் விக்க ஏலாது. மாடுகளை விலைக்குக் குடுக்கப்போறன்."

விடுவோமா? அடுத்த அலைக்குள் பாற்சங்கம் பிறந்தது. பயணிகளாக ஏறியவர்கள் எல்லோரும் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் ஆனார்கள். பதவிகளின் பாரத்தில் லோஞ்ச் ஒரு முழம் தாழ்ந்தது. லண்டனுக்குத் தயிர் ஏற்றும் பொறுப்பு எனக்கு.

"நல்லது. அப்ப பால் கறக்கிறது ஆர்?" என்றார் அக்கா.

தலைவர்கள் செயலாளர்களைக் காட்டினார்கள்; செயலாளர்கள் பொருளாளர்களைக் காட்டினார்கள்.

"சரி, மாடுகளைக் குடுக்கேல்லை. விடிய எல்லாரும் மாட்டுப் பட்டிக்கு வாங்கோ. அண்ணை, உங்களுக்குக் கறுப்பி. அவ கொஞ்சம் உதைப்பா."

ஓம் என்றுவிட்டேன். உதைக்கிற மாட்டுக்கு எந்தப் பக்கத்தில் குந்துவது? தெரிந்தவர்கள் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.