விரதத்தில் போட்ட ஊசி

விரதம் இருக்கும்போது முட்டை சாப்பிட்டவள் என்று எங்கள் தோட்டத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நான் சாப்பிடவில்லை, ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனதால் இப்போது எழுதி வைக்கிறேன்.

ரந்தா ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் நாற்றுப் பண்ணை மண்டோர், அதாவது கங்காணி. பையில் நிற்கும் கன்றைப் பார்த்தாலே எது காய்க்கும், எது சும்மா விறைத்துக்கொண்டு வளர்ந்து ஏமாற்றும் என்று சொல்லிவிடுவேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு ஆண்கள் ஆப்பிரிக்கா போய்ச் சம்பாதித்துத் திரும்பி வந்து, கன்று எப்படி வளர்ப்பது என்று எனக்கே பாடம் நடத்தினார்கள். அடுத்த தடவை நான்தான் போவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மேனேஜரை விடாமல் நச்சரித்தேன். முருகனையும் விடவில்லை. இந்த வேலை கிடைத்தால் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் புதிதாகத் தொடங்கும் பண்ணையில் ஒரு வருட வேலை.

அந்த நாட்டுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்டுக்கொண்டதற்கு அத்தாட்சியாக ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்த அட்டை செல்லும். அது இல்லாமல் போனால் ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். என் பயணமோ உத்திரம் முடிந்த அதே வாரம். ஆகவே விரதத்துக்கு நடுவில், கையில் காப்புக் கயிறோடு சிரம்பான் டவுனுக்குப் போய் கிளினிக்கில் உட்கார்ந்தேன்.

தாதி ஒரு மலாய்க்காரப் பெண். வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தவர், முட்டை ஒத்துக்கொள்ளுமா என்றார். இப்போது சாப்பிடுவதில்லை, விரதம் என்றேன். அவர் சிரித்துவிட்டார். இந்த மருந்தை முட்டைக்குள் வைத்துத்தான் வளர்க்கிறார்கள், முட்டை ஆகாதவர்களுக்குத் தொந்தரவு வரலாம், அதற்காகத்தான் கேட்டேன் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து ஊசியைக் கீழே வைத்தார். வேண்டுமானால் இன்னொரு நாள் வாருங்கள் என்றார்.

இன்னொரு நாளுக்கு நான் எங்கே போவேன்? பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்புறம் கோபம் வந்தது. வேலையைக் கொடுத்ததே முருகன். கொடுக்கும்போது இப்படி ஒரு ஊசி இருப்பது அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, போடுங்கள் என்றேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அட்டை கைக்கு வந்த சந்தோஷத்தில் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, முட்டைக் கதையையும் சேர்த்து எழுதிவிட்டேன். பஸ் சிரம்பானைத் தாண்டுவதற்குள் அண்ணன் போன் செய்தார். அவர் ரந்தாவில் சொந்த வீட்டில் இருக்கிறார், எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குத் தலைவர்.

"காப்ப கழட்டிரு. நீ பால்குடம் எடுக்க முடியாது."

"ஏன் கழட்டணும்?"

"முட்டை உள்ள போயிருச்சுலா. வெரதம் முறிஞ்சு போச்சு. இது நல்ல சகுனமா எனக்குத் தெரியல. ஆப்பிரிக்காவையும் விட்டுரு."

அண்ணனும் விரதம்தான்.

"நீங்க தெனமும் முழுங்குற மீன் எண்ணெ மாத்திரை எந்த மரத்துல காய்க்குதுண்ணே?"

"அது மருந்து."

"இது என்ன, பலகாரமா?"

பிறகு உண்மை வெளியே வந்தது.

"நீ பாட்டுக்குக் கெளம்பிட்டா அப்பாவ யாரு பாக்குறது?"

அப்பா பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து தோட்டத்து வீட்டில் என்னோடுதான் இருக்கிறார். நான் கல்யாணம் ஆகாதவள், அதனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் முகம் சுளித்ததில்லை. பயணம் முடிவானதும் அப்பாவைப் பற்றி அண்ணனிடம் பேசினேன். பார்க்கலாம் பார்க்கலாம் என்று நாளை ஓட்டினார். இப்போது அவருக்கு ஒரு முட்டை கிடைத்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு எனக்கு அழுகை வந்தது. அப்பா எனக்கு ஒரு நாளும் பாரமாக இருந்ததில்லை. அவரைக் காட்டி என்னைக் கட்டிப்போடப் பார்த்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"காப்பு கட்டுனது பூசாரி. அவரு சொல்லட்டும், கழட்டுறேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

பூசாரியிடம் கேட்டதற்கு, "எனக்கு எதுக்கும்மா வம்பு" என்று விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கழற்றச் சொல்லவில்லை அல்லவா, எனக்கு அது போதும்.

உத்திரத்தன்று மஞ்சள் சேலையில் வரிசையில் நின்றேன். ஒவ்வொரு குடமாகப் பால் ஊற்றிக்கொண்டு வந்த அண்ணன் என்னைத் தாண்டி அடுத்தவர் குடத்துக்குப் போனார். பக்கத்தில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். நான் எதிரே இருந்த கடைக்கு நடந்துபோய்ப் பால் வாங்கி, நானே ஊற்றிக்கொண்டு மறுபடி வரிசைக்கு வந்தேன். குடத்தைத் தலையில் தூக்கி வைப்பது கூடப் பிறந்தவர்கள் செய்கிற வேலை. அதையும் நானே செய்துகொண்டேன். உறுமி மேளம் முழங்கியது. கோயில் வாசலை அடைத்துக்கொண்டு அண்ணன் நின்றார்.

"தள்ளுங்கண்ணே, கனக்குது."

தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. தள்ளி நின்றார். என் பாலும் மற்றவர்கள் பாலோடு சேர்ந்து முருகன் தலையில் வழிந்தது. எது யாருடைய பால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணனுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நாளன்னிக்கு அப்பாவக் கொண்டாந்து விடுறேன்."

"வீட்டுல எடம் ஏதுலா? மூணு ரூம்லயும் ஆளுங்க இருக்கு."

"நாலாவது ரூம் இருக்கே."

"அது சாமி ரூம்!"

"தெரியும். ஏர்கோன்கூட இருக்கு. சாமி செவுத்துல இருக்கட்டும், கீழ கட்டில் போடுங்க."

அண்ணி இலையைப் பார்த்தபடியே, "போடலாம்" என்றாள். அண்ணன் ரசத்தைக்கூடக் கேட்காமல் எழுந்துவிட்டார். ஆனாலும் கட்டில் போட்டார்கள்.

நான் இங்கே ஆப்பிரிக்காவுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அண்ணி போன் செய்து எல்லாவற்றையும் சொல்கிறாள். அண்ணன் விடியற்காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு சாமி ரூமுக்கு விளக்கேற்றப் போவார். அங்கே அப்பா படுக்கையை நனைத்துக்கொண்டு படுத்திருப்பார். துணியை மாற்றிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே மறுபடி குளிக்கப் போவார். முதல் மாதம் முழுக்க அவருக்குத் தினமும் இரண்டு குளியல். இப்போதெல்லாம் எழுந்ததும் நேராக அப்பாவிடம்தான் போகிறாராம். அவருக்குத் துணி மாற்றி, உடம்பு துடைத்துவிட்டு, அப்புறம்தான் குளிக்கிறாராம்.