ஐந்தாம் மாதத்தில் எடுத்த பித்தப்பை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் சித்தி மகளின் கல்யாண வரவேற்பு விருந்து. மட்டன் பிரியாணியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். மசக்கை முடிந்து பசி திரும்பியிருந்த காலம் அது. கை கழுவ எழுந்தபோது, வலது விலாவுக்குக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலிருந்தது. காரில் ஏறுவதற்குள் அந்த வலி முதுகுக்குப் பரவி, வலது தோள்பட்டையில் போய் நின்றுகொண்டது.

கணவர் முகிலன் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். எதற்கும் பதறாதவர். அன்று ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கிள்ளான் வந்து சேர்வதற்குள் வலி இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவே எது வலித்தாலும் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: கேஸ்ட்ரிக். கிளினிக்கிலும் அதைத்தான் சொன்னார்கள். வெள்ளை மருந்து ஒரு பாட்டில் கிடைத்தது. காப்பாரிலிருந்து அம்மா போனில், "மாசமா இருந்தா நெஞ்சு எரியத்தான்மா செய்யும். உன்னைச் சுமந்தப்போ எனக்கும் அப்படித்தான்" என்றார். நம்பினேன். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு சாப்பிட்ட ஒரு காலையில் வலி மறுபடி வந்தது. பிறகு பரோட்டா போல எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய்க்கும் வந்தது. தோள்வலியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே வேலை செய்வதால் வருவது என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி வலித்தால், அது எங்கெல்லாம் போகிறதோ அத்தனையையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒருநாள் அலுவலகத்தில் குளிர்க்காய்ச்சலே வந்துவிட்டது. முகிலன் வேலையிலிருந்து ஓடிவந்து, பக்கத்திலிருந்த வேறொரு கிளினிக்கிற்கு அழைத்துப்போனார். அங்கிருந்த டாக்டர் என் விலாவுக்குக் கீழே விரல்களை வைத்தார்.

"மூச்ச நல்லா இழுங்கம்மா."

பாதியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அவ்வளவு வலி.

"தோள்பட்டை வலிக்குதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?"

"உள்ள பித்தப்பைகிட்ட வீக்கம் இருந்தா, அங்க இருக்கிற நரம்பு சேதி அனுப்பும். அதே நரம்பு வர்ற இடத்துலருந்துதான் தோளுக்கும் நரம்பு போகுது. மூளை விலாசத்தை மாத்திப் படிச்சிடும்" என்றவர், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே அல்ட்ராசவுண்ட் (ஒலியலைகளைக் கொண்டு உடலின் உள்ளே பார்க்கும் சோதனை) எடுத்தவர் ஓர் இளம் தமிழ் டாக்டர். என் பயம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "முதல்ல பிள்ளையப் பாத்துருவோம்லா" என்று கருவியை அடிவயிற்றில் வைத்தார். திரையில் இதயம் படபடத்தது. குழந்தை ஒரு கையை விரித்து மூடியது. பிறகு கருவி மேலே நகர்ந்தது. பேரிக்காய் வடிவில் ஓர் இருட்டு. அதன் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிழல் விழுந்திருந்தது.

"இடது பக்கம் திரும்பிப் படுங்க."

திரும்பினேன். கற்கள் மெல்ல உருண்டு இடம் மாறின. ஒன்று மட்டும் அசையவில்லை. பித்தப்பையின் கழுத்தில் சிக்கியிருந்தது. கோலிசிஸ்டைட்டிஸ் (பித்தப்பை அழற்சி) என்றார்.

கர்ப்பப்பை சுருங்காமல் காப்பாற்றுகிற அதே ஹார்மோன்தான் பித்தப்பையையும் மந்தமாக்கிவிடுகிறதாம். அதனால் பித்தம் தேங்கிக் கல்லாவது உண்டாம். பயத்தை மறந்து நான் அந்தத் திரையையே பார்த்துக் கிடந்தேன். ஒரு சாண் இடைவெளியில் என் உடம்பு விரல்களையும் கற்களையும் சேர்த்தே செய்துகொண்டிருந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மருந்து ஏற்றியதும் காய்ச்சல் குறைந்தது. ஆனால் சூப் குடித்தாலும் வலி திரும்பியது. அறுவை மருத்துவர் ஒரு சீனர். எங்களுக்காக நிதானமாக மலாயில் பேசினார். லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) செய்யலாம் என்றார். செய்தாலும் ஆபத்து உண்டு, விட்டாலும் உண்டு, விட்டால் கூடுதல். இன்னும் சில வாரம் போனால் வயிறு பெரிதாகி, கருவிகளுக்கு இடமிருக்காது. செய்வதென்றால் இந்த ஐந்தாம் மாதமே நல்லது.

அம்மா என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை பொறந்தப்புறம் செய்யலாமே தம்பி? மயக்க மருந்து கொழந்தைக்கும் போகுமே?"

முகிலன் அதை மலாயில் சொன்னார். கொஞ்சம் போகும், அந்த அளவைக் குழந்தை தாங்கிக்கொள்ளும் என்றார் மருத்துவர். அதன்பின் முகிலன் தன் சொந்தக் கேள்வியைக் கேட்டார். கருவி முனைக்கும் கர்ப்பப்பைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும்?

அந்தக் கேள்வி மருத்துவருக்குப் பிடித்துவிட்டது. போர்வைமேல் தன் கையை அகல விரித்துக் காட்டினார். முகிலன் அந்தக் கையையே சற்று நேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "போதும் அத்தை. இதைவிடக் கம்மி இடத்துல நான் கண்டெய்னர் எறக்குறேன்" என்றார்.

அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தார். "சரி, செய்யட்டும். நான் கதவுகிட்டயே உக்காந்திருப்பேன்."

மயக்கத்திலிருந்து விழித்தபோது முதலில் கேட்டது குதிரை ஓடுவது போன்ற ஒரு சத்தம். ஒரு தாதி என் அடிவயிற்றில் சிறிய கருவி ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். "கேக்குதா அக்கா? உங்க பிள்ளைதான். நல்லா ஓடுது." என்னைத் தூங்க வைத்து, உள்ளே ஒளி பாய்ச்சி, ஓர் உறுப்பையே அறுத்து வெளியே எடுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இருந்த அந்த இதயம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அழுதேன். தையல் வலித்தது, அப்படியும் அழுதேன்.

இப்போது என் பித்தம் சேர்ந்திருக்க இடமில்லாமல், கல்லீரலிலிருந்து நாளெல்லாம் நேராகக் குடலுக்குச் சொட்டுகிறது. வயிறு பெருக்கப் பெருக்க நான்கு தழும்புகளும் இடம் நகர்ந்தன. பிரசவத்துக்குப் பின் திரும்பி வந்தன, பழைய இடத்துக்கு அல்ல.

ஏழாம் மாத ஸ்கேனில் டாக்டரிடம் ஒன்று கேட்டேன்: "பிள்ளைக்குப் பித்தப்பை இருக்கா டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டுத் தேடிக் காட்டினார். கல்லீரலுக்கு அடியில் கறுப்பாக ஒரு சொட்டு. அன்று என் உடம்புக்குள் ஒரே ஒரு பித்தப்பைதான் இருந்தது. அது என்னுடையதல்ல.

மகள் இப்போது பால் குடித்து முடித்ததும் என் மடியிலேயே தூங்கிவிடுகிறாள். அவளுடைய வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொள்கிறேன். வெளியே எதுவும் தெரிவதில்லை. உள்ளே அவள் பித்தப்பை சுருங்கி, விரிந்து, தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வேலைகள் எத்தனை காத்திருந்தாலும், அது முடியட்டும் என்று நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.