நான் கீழே போடவில்லை

அன்று காலை மின்புத்தக ரீடரைத் திறந்தபோது, முந்தின நாள் படித்துவிட்டு வைத்த பக்கத்தின் மேல்பாதி அப்படியே நின்றது. கீழ்ப்பாதியில் எழுத்தே இல்லை. சாம்பல் நிறத்தில் கோடு கோடாக, ஈரத்தில் ஊறிய சுவரொட்டி மாதிரி இருந்தது. பட்டனை அழுத்திப் பார்த்தேன். சார்ஜில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, யாரும் மேலே உட்காரவில்லை. இரவு மேசைமேல் வைத்தேன், காலையில் மேசைமேலிருந்து எடுத்தேன். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்து வந்த நாட்களில் பார்த்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "கீழ போட்டுட்டீங்களா?"

கேட்பவர்களின் கண் முதலில் என் இடது தோளுக்குப் போகும். பிறகுதான் கேள்வி வரும். வில்லியனூர் சாலையில் நடந்த பைக் விபத்தில் என் இடது கைக்குப் போகும் நரம்புகள் அறுந்துவிட்டன. கை இருக்கிறது, ஆனால் தொங்குகிறது. சட்டைக்குள் அதை நுழைப்பதே காலையில் எனக்கு முதல் வேலை. சாரம் பகுதியில் ஒரு கட்டுமானப் பொருள் கடையில் கணினியில் பில் போடுகிறேன். ஒரு கையாலேயே வேகமாகத் தட்டச்சு செய்வேன். ஒரு கையால் சாப்பிடுவேன், ஷூ லேஸ்கூடக் கட்டுவேன். புத்தகம் படிப்பதுதான் முடியாமல் போனது. தடிமனான நாவலை ஒரு கையில் விரித்துப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் வலித்துப்போகும். பக்கத்தைத் திருப்ப மடியில் வைத்தால் மூடிக்கொள்ளும். மின்விசிறிக் காற்றில் பத்துப் பக்கம் தானாகப் புரளும். விபத்துக்குப் பிறகு வெகுநாள் நான் எதையும் படிக்கவில்லை. படிக்காத என்னை என் மனைவியால் சகிக்க முடியவில்லை.

அவள்தான் ரீடரை வாங்கித் தந்தாள். தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் அவள். கூட வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகளிடம் அதைப் பார்த்திருக்கிறாள். "இத்தப் பாருய்யா, ஒரே கையில புடிச்சி, அதே கை கட்டைவிரலால தள்ளிக்கலாம்" என்று எனக்குச் செய்து காட்டினாள். அன்றிலிருந்து பஸ்ஸில், கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில், வீட்டு மொட்டைமாடியில் என்று விட்ட புத்தகங்களை எல்லாம் பிடித்துக்கொண்டேன்.

அதுதான் இப்போது பாதி பக்கத்தோடு நின்றுவிட்டது.

முதலில் பெரிய வாய்க்கால் பக்கத்தில் இருக்கும் ஒரு மொபைல் சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாங்கி இரண்டு பக்கமும் புரட்டினார். என் தோளைப் பார்த்தார். "கீழ போட்டீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "இது டேப்லெட் இல்ல சார், இதுக்குப் பார்ட்ஸ் எங்களுக்கு வராது. வாரண்டி இருந்தா கம்பெனிக்கே போன் போடுங்க" என்று திருப்பித் தந்தார். எங்கள் பில் கடையில் என்னோடு வேலை பார்ப்பவர் ஆறுதல் சொல்கிற மாதிரி, "போன்லயே படிக்கலாமே சார், எதுக்கு இது தனியா?" என்றார். நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்து எரிகிற கண்ணுக்கு இன்னொரு கண்ணாடித் திரையா என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பில்லை அடிக்கப் போய்விட்டேன்.

வாரண்டி இருந்தது. கம்பெனியின் சேவை எண்ணை அழைத்தேன். நீண்ட நேர இசைக்குப் பிறகு ஒரு பெண் குரல் தமிழில் வந்தது. நடந்ததைச் சொன்னேன். போட்டோ அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: வெளியிலிருந்து ஏற்பட்ட சேதம், வாரண்டியில் சேராது.

திரும்ப அழைத்தேன். இந்த முறை ஓர் ஆண் குரல்.

"சார், இந்த மாதிரி லைன்ஸ் வர்றது கீழ விழுந்தா மட்டும்தான் சார்."

"விழலைங்க."

"உங்களுக்குத் தெரியாம விழுந்திருக்கலாம் சார்."

"எனக்குத் தெரியாம என் வீட்டு மேசையிலேருந்து விழுந்து, தானா ஏறி உக்காந்துச்சா?"

"உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது சார். வெளியில உடைசல் எதுவும் இல்லன்னு காட்டுற மாதிரி ஒரு வீடியோ அனுப்புங்க. கட் பண்ணாம ஒரே ஷாட்டா இருக்கணும். டிவைஸைக் கையில வெச்சி நாலு பக்கமும் திருப்பிக் காட்டணும். பவர் பட்டனை அழுத்திக் காட்டணும்."

ஒரு கையில் போன், ஒரு கையில் ரீடர். அவர்களுடைய உலகத்தில் எல்லோருக்கும் இரண்டு கை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் ஒரு வீடியோ எடுக்கக்கூட ஆள் வேண்டுமா என்று எனக்குள் ஏறிவிட்டது. பிரஷர் குக்கர் மேல் போனைச் சாய்த்து வைத்தேன். அது வழுக்கி விழுந்தது. அரிசி டப்பாவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். ரீடரை ஒரே கையில் சுழற்றிச் சுழற்றிக் காட்டினேன். பட்டனை அழுத்த மேசையில் வைத்துத்தான் ஆகவேண்டும், வைத்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. ஒருவழியாக எடுத்து அனுப்பினேன்.

நிராகரித்துவிட்டார்கள். டிவைஸ் இடையில் மேசையில் வைக்கப்பட்டிருக்கிறதாம், முழு நேரமும் கையில் இருக்கவில்லையாம்.

அந்தச் செய்தியைப் படித்தேன். திரும்ப அழைத்தேன். கத்தினேன். என் வாழ்நாளில் முகம் தெரியாத ஒருவரிடம் அப்படிக் கத்தியதில்லை. "ஒத்துக்க முடியாதுன்னா ஒத்துக்க முடியாதுன்னு சொல்லுங்க, ஏன் என்னைப் பொய்யன்னு சொல்றீங்க?" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். மறுமுனையில் முதலில் பேசிய அந்தப் பெண்தான். "சார், வாய்ஸ் ரெய்ஸ் பண்ணாதீங்க சார்" என்றாள்.

அப்போதுதான் மனைவி வேலை முடிந்து உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை. என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, நான் அவரு சம்சாரம் பேசுறேன். அவருக்கு ஒரு கை வராதும்மா. ஆக்சிடெண்ட்ல போயிடுச்சி. ஒரு கையை வெச்சிக்கினு அவரு எப்படிம்மா போனையும் புடிப்பாரு, இதையும் புடிப்பாரு? கொஞ்சம் யோசிச்சிப் பாரு."

அந்தக் குரல் குழைந்து வந்தது, எனக்கும் கேட்டது. "ஐயோ சாரி மேம், எங்களுக்குத் தெரியாது மேம். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க." இசை. மறுபடி குரல். "அப்ரூவ் ஆயிடுச்சி மேம். புதுசு அனுப்புறோம். சாரை டேக் கேர் பண்ணிக்கச் சொல்லுங்க."

மனைவி போனை என்னிடம் நீட்டினாள். வெற்றி பெற்ற முகம் அவளுக்கு. "முடிஞ்சிச்சா? இதுக்கா இத்தினி நாளு?"

"உன்ன யாரு சொல்லச் சொன்னா?" என்றேன்.

"என்னா?"

"என் கையப் பத்தி உன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"ஏன், நான் பொய்யா சொன்னேன்? உனக்கு ஒரு கைதான. அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. உனக்குத்தான்."

"வெக்கம் இல்லடி. ரெண்டு கைன்னு நெனச்சவரைக்கும் நான் பொய்யன். ஒரு கைன்னதும் நான் யோக்கியனாயிட்டனா? நியாயமாப் பாத்தா ஒரு கைக்காரன்தான் கீழ போட்டிருப்பான். அது அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் குடுக்குறாங்க. அப்படின்னா என்னா அர்த்தம்? நீ போட்டு ஒடைச்சே, பாவம், வெச்சிக்கோன்னு அர்த்தம்."

"எப்படியோ வருதில்ல!" என்று அவளும் கத்தினாள். "ஆஸ்பத்திரியில, பஸ்ல, ஆபீஸ்ல, எல்லா எடத்துலயும் உன் கையைக் காட்டி நான்தான் பேசிக்கினு இருக்கேன். நீ விறைப்பா நிப்ப. காரியம் நடந்ததும் என்னியத் திட்டுவ. நாள் முழுக்க மிஷின் சத்தத்துல நின்னுட்டு வர்றேன், வீட்டுக்குள்ள காலு வெச்சா உன் சத்தம்."

அன்று அவள் ரசம் வைத்தாள், எனக்குத் தட்டில் போட்டு வைத்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. நான் சொன்னது சரியாகவே இருந்தது. சேதம் வாடிக்கையாளரால் ஏற்பட்டது என்றாலும், அவருடைய உடல்நிலையைக் கருத்தில் கொண்டு, ஒருமுறை மட்டும் சலுகையாக மாற்றித் தருகிறார்களாம். அதை நான் கடையில் நின்றபடி படித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் கம்பிக்கு விலை கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எண் ஒன்றும் கண்ணில் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெலிவரிக்காரர் வந்தார். மனைவி முதலியார்பேட்டையில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"சார், ரிப்ளேஸ்மெண்ட். பழசைக் குடுத்துட்டு ஓடிபி சொல்லுங்க."

"வாணாம்பா. திருப்பி எடுத்துக்கினு போ."

அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "காசு எதுவும் தர வாணாம் சார். சும்மாதான் வருது."

"சும்மா வருதுன்றதாலதான் வாணாங்குறேன்."

"சார், நான் என்னான்னு போடறது? வீடு பூட்டியிருக்குன்னு போடவா?"

"கஸ்டமர் வாங்கலன்னு போடு. எனக்குச் சும்மா வாணாம், அவங்க எனக்குக் குடுக்க வேண்டியதைக் குடுக்கச் சொல்லு."

அவரிடம் சொல்லி என்ன பயன்? வெயிலில் நின்றுகொண்டு போனில் எதையோ அழுத்தினார். "பாத்துக்கோங்க சார்" என்று பெட்டியோடு போய்விட்டார். அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றேன். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. வாசற்கதவைச் சாத்தியதும் படிக்க ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் மனைவி வந்தாள். சொன்னேன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். "உன் ரோஷத்த வெச்சிப் படி" என்று மட்டும் சொன்னாள். அது அவள் எனக்கு வாங்கித் தந்த பொருள். அவளுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை.

அன்றே கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். கெஞ்சவில்லை, கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குச் சலுகை தேவையில்லை. கருவியை எடுத்துப்போங்கள், பிரித்துச் சோதியுங்கள். விழுந்தது என்று தெரிந்தால் அப்படியே எழுதித் திருப்பி அனுப்புங்கள். விழவில்லை என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் வராமல் போகவே மூன்றாம் முறையும் எழுதினேன்.

அந்த வாரங்களில் வீட்டில் நான் நல்லவனாக இல்லை. பஸ்ஸில் சன்னலுக்கு வெளியே முறைத்துக்கொண்டே போனேன். சாம்பாரில் உப்பு என்றேன், துணி சரியாகக் காயவில்லை என்றேன். "கம்பெனிக்காரன் மேல இருக்குற கோவத்த என் சாம்பார்மேல காட்டாத" என்றாள் அவள்.

கடைசியில் ஒருநாள் யாரோ வந்து கருவியை வாங்கிப்போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல். திரையின் உட்பகுதியில் தயாரிப்புக் குறை, வாரண்டி விதிப்படி மாற்றித் தரப்படுகிறது. அவ்வளவுதான்.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"சரி. இப்ப சந்தோஷமா?"

"இல்ல."

"இன்னும் என்னா?"

"மன்னிச்சிக்கோங்கன்னு ஒரு வார்த்த இல்ல. அன்னிக்கு அந்தப் பொண்ணு உன்கிட்ட சாரி சாரின்னு சொன்னா. என் கைக்கு சாரி. என்னைப் பொய்யன்னு சொன்னதுக்கு யாரும் சாரி சொல்லல."

"அவங்க சொல்ல மாட்டாங்க" என்றாள். இன்னொரு தக்காளியை எடுத்தபடி, "நானும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"நீ ஏன் சொல்லணும்?"

"அப்படித்தான மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு திரியுற."

புதிய ரீடர் வந்தது. அதே டெலிவரிக்காரர்தான். "இதாவது வாங்குவீங்களா சார்?" என்று வாசலிலேயே நின்று கேட்டார். வாங்கினேன். அன்று மொட்டைமாடியில் இருட்டும்வரை படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் அவ்வப்போது அந்த இரண்டு வரி மின்னஞ்சல் நினைவுக்கு வந்து, படித்த வரியையே திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. இப்போதும் வருகிறது.

போன மாதம் கேஸ் இணைப்பில் முகவரி மாற்ற இருவரும் ஏஜென்சிக்குப் போயிருந்தோம். வரிசை வெளிவாசல்வரை நின்றது. வழக்கமாக அந்த மாதிரி இடத்தில் என் மனைவி நேராக முன்னால் போய், "இவருக்குக் கை வராதுங்க, கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க" என்பாள். அன்று அவள் ஓரடி வைத்துவிட்டு நின்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லட்டுமா, நிக்கிறியா?"

"நிக்கிறேன்" என்றேன்.

"எனக்குக் கால் வலிக்குதுய்யா."

"நீ அங்க நாற்காலியில உக்காரு. நான் நிக்கிறேன்."

அவள் உட்காரவில்லை. என் பக்கத்திலேயே நின்றாள், வரிசை நகரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே.