அரைப் பேர்

தேயிலைத் தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை ஒதுக்கிவிட்டு, சிங்களம் பேசும் பல்கலைக்கழக மருத்துவர்கள் மூவரும், அவர்களைக் கூட்டிவந்த தொண்டு நிறுவன அலுவலரும், மொழிபெயர்க்க நானும் இருந்தோம். யாருக்காக இந்த மருத்துவ முகாமோ, அந்தக் கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒருத்தியும் இல்லை.

"இவங்களுக்கு விழிப்புணர்வு குறைவு போல" என்றார் அலுவலர். நான் தலையாட்டினேன். மருத்துவர்களின் வேன் வரத் தோதாக, புதன்கிழமை காலை பத்து மணி என்று குறித்துக் கொடுத்ததே நான்தான். அந்நேரம் மலையை விட்டு இறங்கினால் கொழுந்து குறையும். அரைப் பேர்தான் போடுவார்கள், அதாவது பாதிச் சம்பளம். தொழிலாளர் லயத்தில் பிறந்தும் அது எனக்கு நினைவு வரவில்லை. ஆள் சேராவிட்டால் அடுத்த மாதம் வேன் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். அம்மாவுக்கு போன் போட்டேன்.

கொழுந்துப் பையோடு அம்மா வந்தாள், பின்னால் நாலு பேர். "அக்கா, ஒங்க மகன் புண்ணியத்துல இன்னிக்கு அரை லீவு" என்று ஒருத்தி சிரித்தாள்.

அம்மாவுக்கு பிரஷர் கூடியிருந்தது. மாதாமாதம் வரச் சொன்னார் மருத்துவர். அதைத் தமிழில் சொன்னேன்.

"இதே நேரத்துக்காப்பா?"

அலுவலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாம்மா" என்றேன்.

அன்று ஐந்து பேருக்கும் அரைப் பேர்தான் விழுந்தது. ஆளுக்கு அறுநூற்று எழுபத்தைந்து ரூபாய் போயிற்று.