ஒரு வருஷப் படிப்பும் இரண்டு வருஷப் படிப்பும்

அமெரிக்காவா இங்கிலாந்தா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அந்தக் கோடையில் எனக்கு ஆலோசனை சொல்லாத ஆளே கிடையாது. என்ன வேண்டும் என்று என்னைக் கேட்ட ஆள்தான் கிடையாது.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் நான் ஷிப்ட் இன்ஜினியர். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் வேலை. பகல் ஷிப்ட் முடிந்தால் மற்ற இன்ஜினியர்கள் மெட்ராஸ் ரயிலுக்கு ஓடுவார்கள். நான் எதிர்த்திசை ரயிலில் ஆரம்பாக்கம் போவேன். அங்கே நெல் பயிரிடும் ஒருவர் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். ஸ்டேஷனில் அந்தப் பக்கம் அத்தனை பேர், இந்தப் பக்கம் நான். கையசைப்பார்கள், நானும் அசைப்பேன். அறைக்கு வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தால் ஒரு சாதம், ஒரு ரசம். அதற்குப் பிறகு நான் வாயைத் திறப்பது மறுநாள் தொழிற்சாலையில்தான்.

வேலை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்குக் கெட்டியாக வரும் வார்ப்பு நாளைக்கு அதே கலவையில் விரிசல் விடும். ஏன் என்று கேட்டால் மேலே இருந்தவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த ‘ஏன்’ தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. மெட்ராஸில் ஒரு நூலகத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கையேடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். லீவு நாளில் போய் அவற்றைப் புரட்டுவேன். எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: பெரிய புல்தரை, பின்னால் செங்கல் கட்டடம், மனித நடமாட்டமே இல்லை. இதைப் பார்த்து எவன் கிளம்பிப் போவான் என்று எரிச்சலாக வரும். ஆனாலும் உலோகவியல் மேற்படிப்புக்கு எழுதிப்போட்டேன்.

இரண்டு இடத்திலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஒரு வருஷப் படிப்பு. வேலையில் இருப்பவர்களுக்கென்றே அமைத்தது, தெரிந்ததையே கொஞ்சம் பட்டை தீட்டி அனுப்புவார்கள். அமெரிக்காவில் இரண்டு வருஷம். சோதனைச்சாலையில் உதவியாளன் வேலையும் உண்டு, என் ‘ஏன்’களுக்குப் பதில் தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஒரு வருஷம் என்றால் உன் வேலையை வைத்திருக்கிறோம், இரண்டு என்றால் ராஜினாமா எழுதிவிடு என்றார் மானேஜர்.

வீட்டுக்காரர் இந்தச் சிக்கலை ஒரு நிமிஷத்தில் தீர்த்துவைத்தார்.

“ரெண்டுல எது சார் கிட்ட கீது?”

“இங்கிலாந்து.”

“அப்ப அத்தியே புட்ச்சிக்கோ. நாள் கிழமன்னா வந்துக்கினு போலாம். இதுக்குப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?” என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்திருந்த என் சைக்கிளைப் பார்த்தார். “அத்த யாருக்கும் குடுத்துடாதே சார். நான் வச்சிக்கிறேன்.”

நான் போனால் இந்த ஊரில் இடம் மாறப்போவது அந்த சைக்கிள் ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. சிரித்துவைத்தேன்.

உண்மையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லையென்றால் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துத் திருவள்ளூர் போவேன். அம்மா போனபிறகு அப்பா அங்கே தனியாக இருந்தார். தெருக்கோடியில் இருந்த சின்னப் பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிப்பது, அதாவது ஓதுவது, அவருடைய கைங்கர்யம். அதற்குக் கோஷ்டி என்று பெயர். இரண்டு வரிசை எதிரெதிரே நிற்கும். இந்த வரிசை ஓர் அடி சொன்னால் அடுத்த அடியை எதிர் வரிசை சொல்லும். பெரிய கோயில்களில் வரிசைக்கு இருபது பேர் நிற்பார்கள். எங்கள் கோயிலில் எதிரே இரண்டு கிழவர்கள், இந்தப் பக்கம் அப்பாவும் நானும். பேண்டைக் கழற்றிப் பஞ்சகச்சம் கட்டி, திருமண் இட்டுக்கொண்டு அவருக்கு இடப்பக்கம் நிற்பேன்.

அப்பாவுக்கு மூச்சு குறைய ஆரம்பித்திருந்தது. நீளமான அடி என்றால் பாதியில் குரல் நின்றுவிடும். அந்த இடம் எனக்குத் தெரியும். அதற்கு ஒரு சொல் முன்னாலேயே என் மூச்சை எடுத்து வைத்துக்கொள்வேன். அவர் நிற்கும்போது நான் சொல்லிக்கொண்டு போவேன், அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்துகொள்வார். அடி அறுபடாது. எதிரே இருந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் வாரம் முழுக்க ஆரம்பாக்கத்து அறையில் வாய்மூடிக் கிடந்தவனுக்கு, இன்னொரு மனிதரோடு இருக்கிறோம் என்று தோன்றியது அந்த ஒரு இடத்தில்தான்.

கடல் தாண்டியவன் கோஷ்டியில் நிற்கக் கூடாது என்பது எங்கள் மனிதர்களிடையே அன்றைக்கு இருந்த வழக்கம். ஆபீஸில் உட்காரலாம், கல்யாணப் பந்தியில்கூட உட்காரலாம், அந்த வரிசையில் மட்டும் இடமில்லை. வெளியே பொதுஜனத்தோடு நின்று கைகூப்பலாம். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்றால் இல்லை. அப்பாவுக்கு இருந்தது. அது போதாதா?

ஆகவே மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டேன். ஒரு வருஷம் என்றால் பாதிக் குற்றம்தானே. பேருக்கு ஒரு பிராயச்சித்தம் செய்து சேர்த்துக்கொள்ள மாட்டார்களா. படிப்பு கொஞ்சம் மட்டமாக இருந்தால்தான் என்ன. இப்படி யோசித்து இங்கிலாந்து என்றே முடிவுக்கு வந்துவிட்டேன். முழுசாக முடிவுக்கு வந்தேன் என்று சொல்வதும் பொய். அப்பா போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, நாலு பேரிடம் அவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அடுக்களையில் தளிகை பண்ணிக்கொண்டிருந்தார். வாழைக்காய் நறுக்கிக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒரு வருஷம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

“எதுல பாடம் நன்னா இருக்கும்?”

“அமெரிக்காவில.”

“அப்போ மத்தது எதுக்கு?”

“சீக்கிரம் திரும்பி வந்துடலாம்ப்பா.”

“வந்து?”

அவர் அருவாமணையைச் சாய்த்து வைத்தார்.

“சமுத்திரம் தாண்டினா தாண்டினதுதான். ஒரு வருஷத்துக்கு ஒரு சட்டம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு சட்டம்னு கிடையாது. எப்படியும் வெளியிலதான் நிக்கப்போறே. அரைகுறையாப் படிச்சுட்டு வந்து நிக்கறதுக்கு நன்னாப் படிச்சுட்டு வந்து நில்லேன்.”

“உங்களுக்கு அந்த மூச்சு...” என்று ஆரம்பித்தேன்.

“எந்த மூச்சுடா?” என்றார். அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

கோபம் கோபமாக வந்தது எனக்கு. போகச் சொன்னதற்கா, மூச்சை ஒப்புக்கொள்ளாததற்கா, இன்றைக்கும் தெரியவில்லை. வாழைக்காய்க் கறி நன்றாக இருந்தது. அதையும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அந்த வாரமே அமெரிக்காவுக்குச் சம்மதம் எழுதிவிட்டு, ராஜினாமாவையும் கொடுத்தேன். வீட்டுக்காரர் ஸ்டேஷன்வரை வந்து வழியனுப்பினார். என் சைக்கிளில்தான் வந்தார்.

அங்கே புல்தரை கையேட்டில் பார்த்தது போலவே இருந்தது. படிப்பு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. முதல் சில மாதங்கள் குளிக்கும்போது பாசுரம் சேவித்துப் பார்த்தேன். பழக்க தோஷம், ஓர் அடியைச் சொல்லிவிட்டு எதிர் வரிசைக்காக நிறுத்துவேன். தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். மறுபடி அடுத்ததற்கு அடுத்த அடி. பாதிப் பாசுரத்தை ஒருத்தனாகச் சொல்லிக்கொண்டு நிற்பது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆய்வு வேலை கூடக்கூட அதுவும் தானாக விட்டுப்போயிற்று.

படிப்பு முடிந்ததும் திரும்பிவிட்டேன். வார்ப்பு ஏன் விரிசல் விடுகிறது என்று இப்போது தெரியும். கும்மிடிப்பூண்டியிலேயே வேறொரு தொழிற்சாலையில் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதில் சேர்வதற்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கோயிலுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் அவர் வரிசைக்குப் போனார், நான் தடுப்புக் கம்பிக்கு வெளியே பொதுஜனத்தோடு நின்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லை, எல்லாருக்கும் அவரவர் இடம் தெரிந்திருந்தது.

எங்கள் வரிசையில் அப்பா மட்டும். நீளமான அடி வந்தது. எனக்குத் தெரிந்த அதே இடத்தில் குரல் நின்றது. எதிர் வரிசைக் கிழவர்கள் அவசரப்படாமல் காத்திருந்தார்கள். இரண்டு வருஷமாக இப்படித்தான் காத்திருந்திருக்கிறார்கள் என்று அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அடுத்த சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். அப்பா இழுத்து மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகையை அடக்கினேன்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, பெருமாள் மாடத்துக்கு முன்னால் மணையைப் போட்டார் அப்பா. பக்கத்தில் இன்னொரு மணையையும் போட்டார்.

“ஆத்துல சேவிக்கலாமே. இங்க யார் தடுக்கப்போறா?”

இடப்பக்கம் உட்கார்ந்தேன். எதிர் வரிசை அடிகளையும் நாங்களே சொன்னோம். எனக்கு வார்த்தைகள் ஒன்றுகூட மறக்கவில்லை, அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காலையில் வந்த அதே நீளமான அடி வந்தது. அப்பாவின் குரல் நின்றது. என் குரலும் நின்றது. முன்கூட்டி மூச்சு எடுத்துவைக்க மறந்துபோயிருந்தேன்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம்.

“அந்த எடத்துல நீதானேடா சொல்லணும்” என்றார் அப்பா, மெல்ல.

அதுவரை அவர் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. நான் தலையை ஆட்டினேன். சரி, முதல்லேர்ந்து, என்று அவர் கைகூப்பிக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தோம். அந்த அடி வந்து சேரும்வரை எனக்குப் பயமாகவே இருந்தது.